நூலை உருவி, நெருப்பில் காட்டி

களியக்காவிளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை பழகிப்போயிருக்கும். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எல்லாம் பளபளவென்று பிளக்ஸில் சிரிக்கும். பாறசாலைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் அதே மாதிரி முகங்கள் துணியில் சற்றுச் சோகை பிடித்துத் தெரியும். கேரளம் 2019 ஆகஸ்டில் பி.வி.சி. பிளக்ஸைத் தடை செய்துவிட்டது. நம் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடை வந்தபோது, பட்டியலில் பிளாஸ்டிக் கொடி இருந்தது, பிளக்ஸ் இல்லை. அதே வருஷம் செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் பேனர் சரிந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தார். மாநிலமே கொதித்தது. அப்போதும் பேச்செல்லாம் யார் அனுமதி கொடுத்தது, எந்த இடத்தில் கட்டியது, யாரைக் கைது செய்வது என்பதைச் சுற்றித்தான். எதில் அடித்தார்கள் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

அந்தக் கேள்வியை எனக்குப் போட்டவர் ஆம்பூர் நண்பர். மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். "வாசல்ல பிளக்ஸ் கட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்பா. வேற என்ன இருக்குன்னு தேடணும், நீயும் வா" என்றார். அவர் ஷூ கம்பெனி ஒன்றில் மெட்டீரியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோலா ரெக்ஸினா என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரோடு பேனர் துணி தேடப் போவதில் எனக்கு ஒரு குறுகுறுப்பு.

ராணிப்பேட்டை

முதலில் ராணிப்பேட்டையில் வண்டியை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். பேனருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "பாத்துட்டுப் போனா கடையில பேரம் பேசறது சுலபமா இருக்கும்" என்றார்.

சிப்காட் பக்கம் சுவருக்கு அப்பால் மேடு தெரிந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலை. தோல் பதனிடவும் வேறு தொழில்களுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துவிட்டு, கழிவை அங்கேயே லட்சக்கணக்கான டன் குவித்து வைத்துவிட்டுப் போனது. குரோமியத்தில் ஆறு இணைதிறன் கொண்ட வகை புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரில் கரையக்கூடியது. மழை பெய்தால் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் மஞ்சளாக ஊறும். நாங்கள் போனது வெயில் காலம். மஞ்சள் கண்ணில் படவில்லை. வேலி ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி மட்டும், "அந்தப் பக்கம் ஆட்ட ஓட்டிடாதீங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னார். எங்களிடம் ஆடு இல்லை.

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலூர் என்றால் கோட்டைக்கு முன்னால் ஞாபகம் வருவது 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்புதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாழ்படுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாற்றுப் படுகையின் டேனரிகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. தலைக்குப் பத்தாயிரம். நண்பர் அதைச் சொல்லிச் சிரித்தார். "அன்னைக்கு ஒரு டேனரி முதலாளி வீட்டுக் கல்யாணத்துல பந்தலுக்கே அதவிட ஆயிருக்கும்."

வேலூர்

கோட்டையை வலம் வந்துதான் ஊருக்குள் நுழைந்தோம். அகழியில் தண்ணீர் இருந்தது, காதலர்களும் இருந்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் பல காரணம். உடனடிக் காரணங்களில் ஒன்று, தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. கிளர்ந்தவர்கள் உள்ளே மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். எதை உடம்பில் வைப்பது, எதை உயரத்தில் ஏற்றுவது என்று பொருளைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்ட ஊர் இது என்று நினைத்துக்கொண்டேன்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் தமிழைவிட வங்காளிப் பலகைகள் அதிகமோ என்று சந்தேகம் வரும். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்காக லாட்ஜ், மீன் சாப்பாடு, மருந்துக்கடை எல்லாம் அவர்கள் எழுத்தில். அத்தனையும் பிளக்ஸ். முன்பென்றால் வங்காளம் தெரிந்த பெயின்டரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். இப்போது ஃபான்ட் இருந்தால் போதும். பிளக்ஸ் எப்படி ஜெயித்தது என்று இந்த ஒரு தெருவே சொல்லிவிடும்: மலிவு, வேகம், எந்த மொழியும், யார் முகமும்.

நாங்கள் ஏறிய அச்சுக்கடை முதல் மாடியில். படியிலேயே சால்வென்ட் மை நெடி வரவேற்றது. உள்ளே வேலை பார்க்கும் பையன்களுக்கு அது நாசியில் ஏறுவதே இல்லை. மெஷினில் ஒரு கண்ணீர் அஞ்சலி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் நெற்றி, அப்புறம் புருவம்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். துணியில் அடிக்கணும் என்றதும் மூன்று சாம்பிள் எடுத்துப் போட்டார். "மூணும் எகோ ஃபிரெண்ட்லி பாய். கேரளாவுக்கே போகுது."

நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு கேஜை எடுத்தார். கடிகாரம் போல வட்ட முகப்பு, கீழே துணியையோ தோலையோ கவ்விப் பிடிக்கும் வாய். டேனரிகளில் தோலின் கனம் பார்ப்பது இதில்தான். ஷூவின் மேல்தோல் ஒன்றேகால் மில்லி, ஒன்றரை மில்லி என்று சொல்வார்கள். சாம்பிளுக்கு முன்னால், மெஷினில் ஓடும் சாதா பிளக்ஸின் ஓரத்தைக் கவ்வினார். முள் 0.3-ஐத் தாண்டி நின்றது. அதாவது முந்நூறு மைக்ரான்.

"நூறு மைக்ரானுக்குக் கீழ இருந்தாத்தான் பாய் தடை, நம்மளுது சட்டப்படி சரி" என்றார் தம்பி, பெருமையாக.

அவர் சொன்னது பொய்யில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க 100 மைக்ரானுக்குக் குறைவான பிளாஸ்டிக், பி.வி.சி. பேனருக்குத் தடை. ஆனால் தெருவில் கட்டும் பிளக்ஸ் எதுவும் அவ்வளவு மெல்லிசாக இருப்பதில்லை. நடுவில் பாலியஸ்டர் வலை, இரண்டு புறமும் பி.வி.சி. பூச்சு; கனமாக இருந்தால்தான் காற்றுக்குத் தாங்கும். மெல்லிய பையைப் பிடிக்க நெய்த வலையில் திமிங்கிலம் தப்பித்துவிட்டது. இந்த பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். மடங்குவதற்காகச் சேர்க்கும் தாலேட்டுகள் தனி. குப்பைமேட்டில் தீ வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்ஸின் எல்லாம் புகையில் வரும்.

அடுத்தது சாம்பிள்கள். நண்பர் முதல் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவினார். தீக்குச்சி கிழித்து நுனியில் காட்டினார். நூல் சுருண்டு ஓடி, கறுப்பாக ஒரு குன்றிமணி உருண்டது. ஆறினதும் நகத்தால் தட்டினார், கெட்டி. "பாலியஸ்டர்." இரண்டாவதில் நெருப்பு பிடித்து எரிந்தது, காகிதம் கருகும் வாசனை வந்தது, ஆனால் துணியின் மேல்பூச்சு தனியே உரிந்து நெளிந்தது. "உள்ள பருத்தி. மேல பூசியிருக்கறது என்னன்னு உனக்குத் தெரியுமா?" தம்பிக்குத் தெரியவில்லை. மை ஊறாமல் நிற்பதற்கு ஏதோ கோட்டிங் என்றார். மூன்றாவது வெறும் காடா. சுத்தமாக எரிந்து, சாம்பல் விரலில் மாவாக ஒட்டியது.

"அதுல முகம் வராது பாய்" என்றார் தம்பி. "மை பரவிடும். நம்ம கஸ்டமர் முகத்துக்குத்தானே காசு கொடுக்கறாரு? ரேட்டும் பிளக்ஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல. நடுவுல இருக்கறத எடுத்துக்குங்க, பருத்தி நேச்சுரல்தானே."

நண்பர் அதற்குச் சொன்ன பதிலைத்தான் நான் அந்தப் பயணம் முழுக்க அசை போட்டுக்கொண்டு வந்தேன். "ஆட்டுத்தோலும் நேச்சுரல்தான் தம்பி. பாலாறு என்ன ஆச்சு?"

தோலைவிட இயற்கையான பொருள் ஏது? சும்மா விட்டால் மண்ணில் மக்கிப்போகும். மக்காமல் இருக்கத்தான் பதனிடுகிறார்கள். குரோம் முறையில் போடும் உப்பில் தோல் பிடித்துக்கொள்வது பொதுவாக முக்கால் பங்குக்கும் குறைவு. மிச்சம் கழிவுநீருக்குப் போகிறது. ஒரு டன் பச்சைத்தோலுக்கு முப்பது நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். கெடுத்தது தோல் அல்ல, தோலுக்குச் செய்தது. பேனருக்கும் அதே கணக்குத்தான். பருத்தியா பாலியஸ்டரா என்பது பாதிக் கேள்வி. என்ன பூசினார்கள், எந்த மையில் அடித்தார்கள், எத்தனை நாள் தொங்கும், அவிழ்த்த பிறகு யார் கைக்குப் போகும் என்பது மீதிப் பாதி. கடைகளில் ஒட்டியிருக்கும் பச்சை இலைப் படத்தில் இந்த மீதிக்குப் பதில் கிடைப்பதில்லை.

குடியாத்தம்

பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் காற்றே மாறிவிட்டது. குடியாத்தம் தீப்பெட்டிக்கும் லுங்கிக்கும் பேர்போன ஊர். சந்துகளில் தறிச்சத்தம் இன்னும் கேட்கிறது, முன்பு போல அல்ல என்று அங்கேயே சொல்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தியிருந்தார்கள். எங்களுக்கு வேண்டிய காடா அங்கே ஒரு ஜவுளிக்கடையிலேயே கிடைத்தது. வெளுக்காத, பழுப்பேறிய துணி. நூலை உருவி நெருப்பில் காட்டிவிட்டுத்தான் நண்பர் பணம் கொடுத்தார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, தீப்பெட்டியை அவரே நீட்டினார்.

எழுதுபவரைத் தேடித்தான் அலைய வேண்டியிருந்தது. கடைசியில் கௌண்டன்யா ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் அகப்பட்டார். போர்டு எழுதுவதை விட்டுப் பல வருஷம்; இப்போது வீட்டு நம்பர், பள்ளிக்கூடச் சுவர், எப்போதாவது ஆட்டோ. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரு காலத்தில் பத்து நாள் தூங்காமல் பேனர் எழுதியதைச் சொன்னார். துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, மைதாக் கஞ்சி பூசி, காய்ந்ததும் சுண்ணப்பொடி தடவிய நூலைத் தெறித்துக் கோடு போடுவார்களாம். பவுடர் கலரை வச்சிரத்தில் குழைப்பார்களாம்.

"வச்சிரம் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இவங்க ஊர்லேருந்துதான்" என்று நண்பரைக் காட்டினார். தோலில் செதுக்கி எடுக்கும் சவ்வையும் துண்டுதுணுக்குகளையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. டேனரி கழித்ததை வைத்துத்தான் பேனர் எழுத்து துணியில் பிடித்து நின்றிருக்கிறது. யாரும் அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டவில்லை.

அதற்காகப் பழைய முறையெல்லாம் பொன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அவருடைய பெட்டியில் காய்ந்துபோன மஞ்சள் டப்பா ஒன்று இருந்தது. அந்தக் காலத்து பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் குரோம் எல்லோ, அதாவது ஈய குரோமேட். ராணிப்பேட்டை மேட்டின் ஒன்றுவிட்ட தம்பி, கூடவே ஈயமும் சேர்ந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் விதி செய்தது 2016-ல்தான்; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதுவரை எத்தனை பெயின்டர்கள் பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூர் செய்திருப்பார்கள்! பெரியவர் தானும் அப்படித்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

மஞ்சள் வேண்டாம் என்று முடிவாயிற்று. காவி, விளக்குக்கரி, கொஞ்சம் நீலம். "கல்யாண பேனர்ல மஞ்சள் இல்லாம எப்படிங்க?" என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார். மஞ்சள் காவியில் சமாதானமானார். துணியின் இடது பாதியில் மட்டும் தமிழில் நல்வரவு எழுதினார். 'ந'வின் முதல் வளைவை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, பிரஷை எடுக்காமல் மூச்சை விட்டார். 'ர'வின் கால் அருகே கஞ்சி சரியாகப் பிடிக்காத இடத்தில் கறுப்பு லேசாகக் கசிந்தது. அங்கே ஒரு பூவை வைத்து மறைத்தார்.

வலது பாதி காலியாகவே எங்களோடு வந்தது.

ஆம்பூர்

மாதனூர் வழியாக மறுபடி நெடுஞ்சாலை. ஆம்பூர் நெருங்க நெருங்க பிரியாணிக் கடைப் பலகைகள் கூடிக்கொண்டே போகும். நண்பர் வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி. காய்ந்த மிளகாயை அரைத்துப் போட்ட நிறம், காரம் நிதானம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். இலவம்பாடி முள் கத்தரிக்காய் என்றார் அண்ணி. காம்பில் முள் குத்தும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். எங்கள் ஊரில் பிரியாணிக்குக் கத்தரிக்காயை வைத்தால் பந்தியில் எழுந்து போய்விடுவார்கள். இங்கே அது இல்லாவிட்டால் எழுந்து போவார்களாம். நான் மூன்றாம் முறை கத்தரிக்காய்தான் கேட்டேன்.

சாயங்காலம் ஷூ கம்பெனிகள் விட்டன. சாலை முழுக்கப் பெண்கள். பஸ் பஸ்ஸாக, நடையாக, கையில் டிபன் பாத்திரத்தோடு. அவர்கள் தலைக்கு மேலே மேம்பாலத் தூண்களில் பிறந்தநாள் வாழ்த்துகளும் புதுக்கடைத் திறப்பும் தொங்கின. மேல்தோல், லைனிங், ரெக்ஸின் என்று தினமும் பொருளைப் பிரித்துப் பார்க்கிற கைகள் இவை. பிளக்ஸும் ரெக்ஸினுக்குச் சித்தப்பா பிள்ளைதான், துணிமேல் பி.வி.சி. ஏற்றியது. ஷூவில் வைத்தால் மட்டம் என்று ஒதுக்குகிற சரக்கை இந்த ஊர் தலைக்கு மேல் கட்டிக்கொள்கிறது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் நின்றோம். கடைக்காரர் இரும்புச் சட்டம் எடுப்பார், சவுக்குக்கட்டை எடுப்பார், தோல் வெட்டுத்துண்டுகூட எடுப்பார். அதை அரைத்து அட்டை மாதிரி லெதர் போர்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளக்ஸ்?

"தொடமாட்டேன் சார். கிலோ கணக்கே கிடையாது. வலையும் பிளாஸ்டிக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது, பிரிக்க முடியாது. யாருக்காவது கூரைக்கு வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன்."

பின்னால் இருந்த குடிசை வரிசையில் பாதிக் கூரை அந்த வகைதான். மழைக்கு ஒழுகாது, அது உண்மை. ஓரிரு கோடை வெயிலில் பூச்சு செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். ஏழை வீட்டுக் கூரையாவதைத்தான் சிலர் மறுபயன்பாடு என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

வாணியம்பாடி

பாலாற்றுப் பாலத்தில் ஆறு என்று சொல்ல மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதாகப் பாலத்தில் நின்ற இளைஞர் சொன்னார், அவர் ஆயுசுக்கு அவ்வளவு தண்ணீர் பார்த்ததே இல்லையாம். கருவேல முள்ளில் கந்தலாகச் சிக்கியிருந்தவற்றில் துணி எது பிளக்ஸ் எது என்று தூரத்திலேயே தெரிந்தது; பிளக்ஸில் மட்டும் இன்னும் யாரோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, டேனரிகளிடம் வசூல் செய், ஆற்றைச் சீர்செய்யக் குழு அமை என்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆறு ஓடவில்லை.

உருது எழுத ஆள் கிடைப்பது வாணியம்பாடியில் சிரமமில்லை. மதரஸா ஒன்றில் பாடம் சொல்லும் உஸ்தாத் ஒருவர், அகலப் பிரஷை ஒரு ஓரமாகச் சாய்த்து வெட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வலமிருந்து புறப்பட்ட 'குஷ் ஆம்தீத்', இடமிருந்து வந்த 'நல்வரவு'க்கு நாலு விரற்கடை முன்னால் நின்றது. இரண்டு எழுத்தும் சம உயரமில்லை; உஸ்தாத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தமிழ்ப் பக்கத்தின் அடியில் இரண்டு இலைகளை நீட்டிக் கணக்கைச் சரிசெய்தார்.

பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அது நண்பரின் யோசனை. ஷாமியானாவையும் அண்டாவையும் வாடகைக்கு எடுக்கிறோம், பேனர் மட்டும் ஏன் ஒரு நாளோடு சாக வேண்டும் என்றார். அடுத்து தம்பி வீட்டில் விசேஷம், அப்புறம் மச்சினன் வீடு. துவைக்க முடியாது, உதறிச் சுருட்டி வைத்தால் போதும். ஒரே துணி இருபது வாசல் பார்த்துவிட்டால், காடா நெய்த பஞ்சு குடித்த தண்ணீருக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த பதில்களில் இதுதான் உருப்படியானது.

நிக்காஹ் அன்று மண்டப வாசலில் அதைக் கட்டினோம். மூங்கிலும் சணல் கயிறும். சம்பந்தி வீட்டுப் பெரியம்மா வந்து நின்று, "பொண்ணு பேரு எங்கே? போட்டோகூட இல்லையே?" என்று கேட்டார். நண்பர் விளக்க ஆரம்பித்தார். பெரியம்மா பாதியிலேயே உள்ளே போய்விட்டார்.

அதற்குள் தெருமுனையில் இன்னொன்று எழும்பியிருந்தது. மணமக்களை வாழ்த்தி உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் சொந்தச் செலவில் கட்டியது, இருபதடிக்கு மேல் இருக்கும். மணமக்கள் பெயர் சின்ன எழுத்தில், அவர் முகம் ஆளுயரத்துக்கு. நண்பர் ஒன்றும் பேசாமல் கேஜை எடுத்து ஓரத்தைக் கவ்விப் பார்த்தார். வேலூரில் காட்டியதைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது.

"அவுக்கும்போது கிழிக்காம அவுக்கச் சொல்லுங்க பாய்" என்றார் மண்டபத்து வாட்ச்மேன், பின்னால் வந்து நின்று. "மாட்டுக்கொட்டாய்க்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"மூஞ்சிப் பக்கம் கீழ இருக்கற மாதிரி போடுப்பா" என்றார் நண்பர்.

"மாடு மிரளாதா?"